இறைச்சி வந்த வழி

கொள்ளைநோய் இறைவனின் நாட்டத்தால் இறங்குவதா, மனிதரின் செயலால் விளைவதா என்ற கேள்வி இஸ்லாமியச் சிந்தனை மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டு வருவது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தொடரும் அம்பாறை மாவட்ட முஸ்லிம் ஊர்களில், 2020ஆம் ஆண்டு அந்தக் கேள்வி கிதாபுகளிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புடைய கொரோனாக் கொத்தணி, அதாவது ஒரே தொடர்பிலிருந்து கிளைத்த தொற்றாளர் கூட்டம், கண்டறியப்பட்டு ஊர் தனிமைப்படுத்தப்பட்டது. டிசம்பர் இறுதியில் கல்முனையின் ஒரு பகுதியும் மூடப்பட்டது. அந்நாட்களில் நோயைவிட மக்களை அதிகம் வாட்டியது, மௌத்தானால் ஜனாஸா எரிக்கப்படும் என்ற எண்ணமே.

இலங்கையில் கொரோனாவால் இறந்த முதலாவது முஸ்லிமின் உடல் 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தும், புதைத்தால் நிலத்தடி நீர் வழியே வைரஸ் பரவும் என்பதே இங்கு காரணமாகக் கூறப்பட்டது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் கட்டாயத் தகனத்தை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில் பிறந்து 20 நாளேயான குழந்தையின் உடலும் எரிக்கப்பட, பொரளை மயான வாயிலில் மக்கள் கபன் துணியைக் குறிக்கும் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றார்கள். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படுவதற்குள் 200க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. கொரோனாவைவிடப் பல மடங்கு கொடிய நிபா நோய் 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தோன்றியபோது, அதனால் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் சுகாதார அதிகாரிகளின் மேற்பார்வையில் ஆழக் குழி தோண்டிக் கண்ணம்பறம்பு மையவாடியிலேயே அடக்கப்பட்டது என்பதை இத்துடன் வைத்துப் பார்க்கும்போது, இலங்கையில் நடந்தது எத்தகைய அநீதி என்பது விளங்கும். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரியது. பாதுகாப்பான அடக்கத்தால் நீர்நிலைகளில் வைரஸ் கலப்பதில்லை என்று காட்டிய ஆய்வுகளையும் அது மேற்கோள் காட்டியது.

ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி ஒரு சமூகத்தின் ஜனாஸாவை எரித்த பிறகு, நோயைப் பற்றிய ஆராய்ச்சியின் மீதே அச்சமூகத்துக்கு வெறுப்பு ஏற்படுவது இயல்பு. ஆனால் தகனக் கட்டளைக்குத் துணை நின்றது ஆய்வு அன்று. ஆய்வு அடக்கத்தின் பக்கமே நின்றது. நிலத்தடி நீர் என்ற காரணம் சோதித்துப் பார்க்கப்படாமலேயே சட்டமாக்கப்பட்டது. ஆகவே கரையோர முஸ்லிம்களுக்கு இந்த அறிவின் மீது உரிமை இருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து மேலே சென்றால், இத்தகைய நோய்கள் முதலில் எங்கே பிறக்கின்றன என்ற இடத்துக்கு அது அழைத்துச் செல்கிறது.

விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களை விலங்குவழித் தொற்று என்பர். 1940க்கும் 2004க்கும் இடையில் உலகில் புதிதாகத் தலைகாட்டிய 335 தொற்று நிகழ்வுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் ஏறத்தாழ 60 வீதம் விலங்குவழி வந்தவை என்றும், அந்த விலங்குவழி நோய்களில் 70 வீதத்துக்கும் மேற்பட்டவை காட்டுயிர்களிடமிருந்து வந்தவை என்றும் கண்டது. 1998–99இல் மலேசியாவில் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிப் பண்ணைகளுக்கும், பண்ணைகளிலிருந்து மனிதருக்கும் நிபா தாவி 100க்கு மேற்பட்டோர் இறந்தனர்; நோயை நிறுத்தச் சுமார் 10 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. 2002–03இல் தென்சீனச் சந்தைகளின் மரநாய் வியாபாரத்தோடு தொடர்புபட்டுப் பரவிய சார்ஸ் 774 பேரைக் கொன்றது. கொரோனா எவ்வழியில் மனிதரை அடைந்தது என்பதில் இன்னும் விவாதம் முடியவில்லை என்றாலும், வூஹானில் தொடக்ககாலத் தொற்றாளர் பலர் உயிர்விலங்குகள் விற்கப்பட்ட ஒரு சந்தையைச் சூழவே காணப்பட்டனர். 2020 பெப்ரவரியில் சீனா தரைவாழ் காட்டு விலங்குகளை உண்பதையும் அதற்காக விற்பதையும் தடைசெய்தது.

அச்சந்தைகளில் நடப்பதை அருகில் நின்று பார்த்தாலன்றி இதன் பொருள் விளங்காது. காட்டில் ஒன்றையொன்று ஒருபோதும் சந்தித்திராத விலங்குகள் கம்பிக் கூடுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மேற்கூட்டின் சிறுநீரும் கழிவும் கீழ்க்கூட்டில் ஒழுகுகின்றன. பசியும் நெருக்கடியும் அச்சமும் அவற்றின் உடலெதிர்ப்பைக் குறைக்க, உள்ளே அடங்கியிருந்த கிருமி வெளிப்படத் தொடங்குகிறது. பக்கத்துக் கூட்டிலிருக்கும் விலங்கு மற்ற விலங்குகளின் கண்ணெதிரே அறுக்கப்படுகிறது. வியட்நாமில் உணவுக்காக விற்கப்படும் வயல் எலிகளை 2013–14இல் சோதித்தபோது, பிடித்து விற்கும் வியாபாரிகளிடம் சுமார் 21 வீதமானவற்றிலும், பெரிய சந்தைகளில் 32 வீதமானவற்றிலும், உணவகங்களில் 56 வீதமானவற்றிலும் கொரோனா வகை வைரஸ்கள் காணப்பட்டன. காட்டிலிருந்து தட்டுக்கு வரும் வழி நீள நீள நோய் பெருகுகிறது என்பதே இதன் பொருள். நோயைப் பெருக்கியது அந்த எலியின் இயல்பு அன்று, அதை மனிதர் கொண்டுவந்த விதமே.

இங்கேதான் மார்க்கக் கேள்வி எழுகிறது. தொற்று என்பதே இல்லை என்ற கருத்துடைய நபிமொழி ஒன்று உண்டு; குஷ்டரோகியை விட்டுச் சிங்கத்தைக் கண்டாற்போல் விலகியோடச் சொல்லும் நபிமொழியும், நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்னும் நபிமொழியும் உண்டு. இவை முரண்படுவதுபோல் தோன்றுவதை அறிஞர்கள் மறைக்கவில்லை. நோய் தன் சுயசக்தியால் தாவுவதில்லை, ஆனால் நோயாளியோடு கலப்பதை அதற்கான காரணமாக இறைவன் ஆக்கியிருக்கிறான் என்று இப்னுஸ் ஸலாஹ் இணைத்துக் காட்டினார். ஷாபி மத்ஹபின் பேரறிஞரும், கொள்ளைநோய்க்குத் தம் பெண்மக்களைப் பறிகொடுத்து அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதியவருமான இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ அந்த விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் கிரனடாவின் இப்னுல் கதீபோ, தொற்று அனுபவத்தால் நிறுவப்பட்டது, கண்கூடான சான்றோடு முரண்படும் வாசகம் விளக்கம் கொள்ளப்பட வேண்டியது என்று துணிந்து எழுதினார். இவர்களில் இப்னுஸ் ஸலாஹின் வழியே கரையோர மக்களின் வாழ்க்கைக்கு மிக அண்மையில் நிற்கிறது. பெரும்போகத்தில் வயலில் இறங்கும் விவசாயி எலிக்காய்ச்சலுக்கு எதிராகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை விழுங்கிவிட்டு, பிஸ்மி சொல்லித்தான் மண்வெட்டியை எடுக்கிறார். எலியின், மாட்டின் சிறுநீர் கலந்த வயல்நீர் நோய்க்குக் காரணம் என்பதும், நோய் இறைவனின் நாட்டத்துக்கு உட்பட்டது என்பதும் அவரிடம் மோதிக்கொள்வதில்லை.

இரண்டாம் கலீபா உமர் சிரியாவை நோக்கிச் சென்றபோது சர்க் என்ற இடத்தில் அம்வாஸ் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பியதும், இறைவிதியிலிருந்து ஓடுகிறீரா என்று நபித்தோழர் அபூ உபைதா கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக அவர் பதிலளித்ததும் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் வரலாறு. ஆனால் உமர் அப்போது கூறிய உவமை குறைவாகவே கவனிக்கப்படுகிறது: பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழித்தும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், எந்தப் பக்கத்தில் ஒட்டகங்களை மேய்த்தாலும் அது விதிக்குள்தான் என்றார் அவர். இரண்டும் விதிக்குள் என்பதால் தேர்வு இடையனுடையது ஆகிறது; தேர்வுக்கான பொறுப்பும் அவனுடையதே. கொள்ளைநோயைச் சோதனை என்று ஏற்றுப் பொறுமை காக்கும் கடமை, அதற்கு வழி திறந்துவிடும் செயலைத் தடுக்கும் கடமையை நீக்கிவிடாது.

காட்டு மிருகங்களைத் தின்பது நம்மவர் பழக்கம் அன்று, கோரைப்பல்லுடைய வேட்டை விலங்குகளையும் கூருகிர்ப் பறவைகளையும் ஷரீஆ ஏற்கெனவே விலக்கியிருக்கிறது, ஆகவே இது நம் விவகாரம் அன்று என்று ஒருவர் கூறலாம். இந்த வாதம் பாதி மட்டுமே சரி. மானும் மரையும் ஷாபி மத்ஹபில் உண்ண ஆகுமானவை. அதே வேளை, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அவற்றை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். அறுத்தது முஸ்லிம், பெயர் சொல்லி அறுத்தார் என்பதோடு ஹலால் பற்றிய விசாரணை முடிந்துவிடுமா என்பதே இங்குள்ள உண்மையான கேள்வி.

முடியாது என்பதற்கு ஃபிக்ஹ் நூல்களே சான்று. அசுத்தத்தைத் தின்று வளர்ந்த கால்நடையை ஜல்லாலா என்று அவை அழைக்கின்றன. ஆடோ மாடோ, இனத்தால் அது ஹலால்தான். ஆயினும் அதன் இறைச்சியில் அசுத்தத்தின் மணம் தெரியுமானால், கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்து மணம் நீங்கும்வரை அதை உண்பதும் பால் அருந்துவதும் வெறுக்கத்தக்கவை என்பது ஷாபி மத்ஹபின் நிலைப்பாடு. அப்படியானால் சட்டம் விலங்கின் இனத்தை மட்டும் பார்க்கவில்லை, அது வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்கிறது. ஒரு பிராணியின் முன்னே கத்தி தீட்ட வேண்டாம், ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்க வேண்டாம் என்ற அறுப்பு ஒழுக்கங்கள் அது சாகும் விதத்தையும் பார்க்கின்றன. மதீனாவைச் சூழ்ந்த நிலத்தில் வேட்டையும் மரம் வெட்டுதலும் விலக்கப்பட்டது அது வாழும் இடத்தையும் பார்ப்பதாகும். மேலே விவரித்த கூடுகளின் அடுக்கு இந்த ஒழுக்கங்கள் ஒவ்வொன்றையும் மீறுகிறது. நோய் பிறப்பதும் அந்த மீறல்களின் நடுவேதான். ஷாபி மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவின் உலமா சபை, அருகிவரும் உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று 2014ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஃபத்வாவில் அறிவித்தபோது, புதிதாக எதையும் புகுத்தவில்லை. மரபு ஏற்கெனவே கேட்டுவந்த கேள்வியை இன்றைய வியாபாரத்தின் மீது கேட்டது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நோய் வரும் என்ற அச்சத்தால் மட்டும் காட்டுயிரைக் காப்பது பலவீனமான அடித்தளம். தடுப்பூசி வந்ததும் அந்த அச்சம் தீர்ந்துவிடும். அச்சம் முற்றினால் மனிதன் வௌவால் தொங்கும் மரத்தையே வெட்டிச் சாய்ப்பான், அவ்வாறு கலைக்கப்பட்ட வௌவால்கள் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் இன்னும் அண்மையில் வந்து சேரும். ஊர்வனவும் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்ற குர்ஆனின் கருத்து, அவற்றுக்குத் தம்மளவில் ஓர் இருப்பும் இறைவனோடு ஓர் உறவும் உண்டு என்கிறது. மனிதனிடம் பூமி அமானத், அதாவது திரும்பக் கணக்குக் கேட்கப்படும் ஒப்படைப்பு, என்றால் அந்தக் கணக்கில் அவையும் அடங்கும். 2023இல் இலங்கைக்கே உரிய குரங்கினம் ஒன்றின் 1,00,000 விலங்குகளைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்ற பேச்சு எழுந்து, நீதிமன்றம் வரை சென்று கைவிடப்பட்டது. தென்னையை அழிக்கும் குரங்கால் விவசாயி படும் துன்பம் உண்மையானது. யானையால் உயிரும் பயிரும் இழக்கும் குடும்பங்களின் துயரும் அப்படியே. ஆயினும் பயிருக்குக் காவல் தேடுவது வேறு, ஓர் உயிரினத்தைத் தொகையாகக் கணக்கிட்டுக் கப்பலேற்ற நினைப்பது வேறு.

அம்பாறையின் கரையோர மக்களுக்கு இந்தக் கணக்கு தொலைவில் இல்லை. மாவட்டத்தின் பள்ளக்காடு, அஷ்ரப் நகர்ப் பகுதியில், கரையோர உள்ளூராட்சி சபைகள் பலவற்றின் குப்பை ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டு வந்த திடலுக்குக் காட்டு யானைகள் வந்து மேய்கின்றன. சமையற்கழிவின் மணமும் உப்பும் ஒட்டிய பொலித்தீனை அவை உணவென்றே விழுங்குகின்றன. அங்கு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. பிரேதப் பரிசோதனையில் அவற்றின் வயிற்றில் காணப்பட்டவை பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் செரிக்காத பிற கழிவுகளுமே. அசுத்தம் தின்ற மாட்டைப் பற்றி ஒரு பாடமே வகுத்த மரபினர் வாழும் ஊர்களின் எச்சிற்குப்பையைத் தின்று யானை சாவது, மார்க்கத் தீர்ப்பு வேண்டிநிற்கும் காரியம். காட்டு விலங்கும் ஊர்நாயும் மாடும் காகமும் ஒரே குவியலில் வாய் வைக்கும் அந்த இடம், கிருமி இனம் மாறித் தாவ வழி திறந்துவிடும் இடமும் ஆகும்.

ஜனாஸாவின் கண்ணியத்துக்காக ஓராண்டு காலம் குரல்கொடுத்த உலமாக்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளரோடும் கல்முனைப் பிராந்திய சுகாதார அதிகாரிகளோடும் அமர்ந்து மூன்று விடயங்களில் தெளிவான தீர்ப்புத் தர வேண்டும்: காட்டிலிருந்து திருட்டுத்தனமாக வரும் மான், மரை இறைச்சியை வாங்குவது ஆகுமா; காட்டுயிர் வியாபாரத்தின் வருமானம் எத்தகையது; யானையின் வழியில் பொலித்தீன் கொட்டும் ஊர் மறுமையில் எதற்குப் பதில் சொல்லும்.