பாவமன்னிப்பும் வினைநீக்கமும்

செய்த வினை செய்தவனையே சாரும் என்பது சைவர் யாவர்க்கும் உடன்பாடு. செய்த பாவம், அதற்கு மனம் நொந்து ஆண்டவரை நம்பினார்க்கு மன்னிக்கப்படும் என்பது கிறிஸ்தவர் கொள்கை. முன்னது நீதியின்பாற்பட்டது, பின்னது நீதியைக் கைவிட்டது என்று துணிந்து, அவ்வளவில் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வார் நம்மவருட் பலர். யானும் நெடுங்காலம் அங்ஙனமே முடித்துக்கொண்டிருந்தவன். அது போதாதென எனக்கு உணர்த்தியது நூலன்று. பழவேற்காட்டேரிக் கரையிலே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர் கூறிய சொல்.

பொன்னேரியினின்று வடகிழக்கே திருப்பாலைவனத்துப் பாலீசுவரரை வணங்கி அப்பாற் சென்றால் பழவேற்காடு வரும். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சில்காவிற்கு அடுத்துப் பெரியது அவ்வேரி. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பில் இறாலுக்கு வலை கட்டும் உரிமை, 'பாடு' என்னும் பழைய முறையால் முறைவைத்துப் பகிரப்படுகின்றது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் என்னும் ஊர்களின் தலைக்கட்டினர் அதற்கு உரியவர். இவற்றுள் மாதாகுப்பத்தார் கத்தோலிக்கர். அம்மனை வணங்குவோரும் மாதாவை வணங்குவோரும் ஒரே நீரில் முறை பிறழாது வலை கட்டி வாழ்கின்றனர். சமயவாதம் புரியும் நமக்கு இது சிறிது நாணந் தரும் செய்தியே.

யான் ஆதீனப் பாடசாலையிற் கற்று வெளிவந்து, அப்பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாய் அமர்ந்த காலம். பரபக்க நூற்பயிற்சியின் சூடு ஆறாத வயது. மாதாகுப்பத்து உபதேசியார் ஒருவர் தம் பேரனைப் பள்ளிக்கு அழைத்து வருவார். ஒருநாள் பலர் கேட்க அவரை மறித்து, "பெரியவரே, ஒருவன் உண்டால் மற்றொருவன் பசி தீருமா? தீராதெனின், ஒருவர் சிலுவையில் இறந்ததனால் உலகத்தார் பாவம் தீர்ந்தது என்பது யாங்ஙனம்?" என்றேன். சூழ நின்றார் நகைத்தனர். அவர் சினவாமல், "ஐயா, நீங்கள் படித்தவர்கள். எங்கள் ஊரில் ஒருவன் காய்ச்சலில் விழுந்து பாட்டுக்குப் போக முடியாவிட்டால், போனவன் தன் மீனில் அவன் வீட்டுக்குப் பங்கு வைக்கிறான். அந்த வீட்டில் பசி அடங்குகிறதே" என்று சொல்லிப் பேரனைக் கைப்பிடித்துச் சென்றுவிட்டார். வென்றவன் யானே என்று அன்று அனைவரும் கூறினர். ஆயினும் அம்மறுமொழிக்கு யான் விடை கூறவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதற்கண் அவர் கொள்கையை அவர் சொல்லியவாறே அறிதல் முறை. ஆதி மனிதனின் கீழ்ப்படியாமையால் வந்த சென்மப்பாவம் ஒன்று. தானே அறிந்து செய்யும் பாவம் ஒன்று. இவை உயிரை இறைவனிடத்தினின்று பிரிக்கும். தன் முயற்சியால் இப்பிரிவை நீக்கிக்கொள்ள உயிருக்கு வலியில்லை. இறைவனே முன்வந்து இரட்சிக்கின்றான். இவ்வளவும் அவருள் எல்லார்க்கும் பொது. இரட்சிப்பை உயிர் பெறுவது எவ்வாறு என்பதில்தான் அவர் பிரிந்தனர். 1517இல் கிளர்ந்த லூத்தர், விசுவாசம் ஒன்றே அமையும், நற்செயல் அதன் கனியேயன்றி விலையன்று என்றார். கத்தோலிக்கர் திரெந்து நகரச் சங்கத்தில் 1547இல், அருள் முந்துவதாயினும் உயிர் அதற்கு இசைந்து ஒத்துழைத்தல் வேண்டும் என்று வரையறுத்தனர். வைணவருள் மர்க்கட நியாயம், மார்ச்சால நியாயம் என எழுந்த வழக்கை அறிந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்விரு கட்சியாரும் வந்து இறங்கிய கரை பழவேற்காடு. போர்ச்சுகீசியர் அங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினர். அதன் தொடக்கம் 1515 என்பர். அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியாக் கோட்டை கட்டினர். இவர் சீர்திருத்த சபையார். விசுவாசத்தாலேயே நீதிமானாதல் என்பதைக் கைக்கொண்டவர். 1630களில் அவர்தம் கும்பினியின் குருவாய் ஏறத்தாழப் பத்தாண்டு அங்கிருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ் என்பார், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் நம் நாட்டு வழிபாட்டையும் ஒழுக்கத்தையும் வினவி வினவி எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்களை அவர் வாய்மொழிவழி ஒல்லாந்த மொழியில் ஆக்கினார். அந்நூல் அவர் இறந்த பின் 1651இல் லைடன் நகரில் அச்சேறிற்று. நூற்பெயரில் நம்மை அஞ்ஞானிகள் என்றே குறித்தார். ஆயினும் கேட்டு எழுதினார். யானோ அவ்வுபதேசியாரைக் கேளாமலே மறுத்தேன். நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்து, அந்நூலை நன்கு கற்றுணர்ந்த பின்னரே 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார் என்பதையும் ஈண்டு நினைக்கின்றேன்.

ரோகேரியுஸ் வேதம் ஓதிய அக்காலத்திலேயே, அக்கும்பினியார் அத்துறையினின்று மனிதரை விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றினர். பஞ்சத்தில் பிள்ளையை விற்றவரும் தம்மையே விற்றவரும் நம் சோழமண்டலக் கரையினர். விசுவாசத்தால் மீட்படைந்தோம் என்றவர் மானிடரை விற்கலாமோ என்று கேட்க நம் நா துடிக்கும். கேட்குமுன், அவ்வடிமைகளைப் பிடித்துத் தந்த தரகர் நம் நாட்டினரே என்பதையும் எண்ணுக. வாயளவில் நின்ற விசுவாசமும் நெற்றியளவில் நின்ற நீறும் அங்கே ஒரு தட்டில் நின்றன. இதுகொண்டு கிறிஸ்தவ சமயம் பொய் என்பார், அதே நியாயத்தால் நம் சமயத்தையும் இழப்பர். ஆதலால் இவ்வழி வாதம் செய்தல் பயனின்று.

இனி நம் கொள்கைக்கு வருதும். சைவத்தில் மன்னிப்பு இல்லை, வினை முழுவதையும் உண்டே தீர்க்கவேண்டும் என்று பிறர் கூறுப. நம்மவரும் பெருமையோடு அதனையே கூறுப. அஃது அற்றன்று. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூன்று. சஞ்சிதமாவது எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டிய மூட்டை. அதனை உயிர் உண்டு தீர்ப்பதில்லை. ஞானதீக்கையில் ஆசிரியர் அருணோக்கால் அது வெந்தொழிகின்றது. மூட்டை முழுவதும் அருளால் எரிய, எடுத்த உடம்பின்மேல் வந்த பிராரத்தம் ஒன்றே நுகர்ச்சியில் கழிகின்றது. பெரும்பகுதியை அருளால் நீக்கிவிட்டுச் சிறுபகுதியை நுகரவைக்கும் சமயத்தை மன்னிப்பில்லாத சமயம் என்பது எவ்வாறு பொருந்தும்?

பிராரத்தத்தையும் உடன் நீக்கினால் என்ன, எல்லாம் வல்லவனுக்கு அது அரிதோ எனின், அதற்குத் தொண்டை நாட்டிலேயே விடை உண்டு. பழவேற்காட்டிற்குத் தெற்கே அதே கடற்கரையில் திருவொற்றியூர் உளது. நம்பியாரூரர் அங்கே சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்தார். கருவறையில் சூளுறுவதாயின் அப்பொழுது அங்கிராது மகிழின்கீழ் இருந்தருளுக என்று இறைவனோடே சூழ்ச்சி பேசியவர் அவர். அச்சூழ்ச்சி தம்மேலேயே திரும்பியது வேறு. திருவாரூர் நினைவு மிக, சூளைப் பிழைத்து ஊரெல்லை கடந்தார், இருகண்ணும் மறைந்தன. அவர் தோழர், தம்பிரானாலேயே தோழமை தரப்பெற்றவர். அவர் வருந்தி அழைத்ததில் குறைவுண்டோ? அவ்விடத்தே கண் கிடைத்ததா? இல்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மற்றொரு கண். வெண்பாக்கத்துப் பழங்கோயில் 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிட, இறைவர் இன்று பூண்டிக் கரையில் வேறு கோயிலில் எழுந்தருளியிருக்கின்றார். ஊன்றீசர் என்பது அவர் திருநாமம்.

அக்கோலைப் பற்றியே யான் பலகால் சிந்தித்ததுண்டு. கண்ணைத் தர வல்லவன் கோலைத் தந்தது இரக்கமின்மையன்று. சூள் பிழைத்ததன் பயனை நடந்தே கழிக்கவேண்டும். ஆனால் தனியே நடக்கவேண்டுவதில்லை. வழிநடைக்குத் துணை உண்டு, வழியின் முடிவில் ஒளி உண்டு. தண்டமும் அருளே என்பதற்கு மறக்கருணை என்று நம் ஆசிரியர் பெயரிட்டனர்.

இதனை யான் அறிந்து பல்லாண்டு கழிந்த பின்னரே, இராயப்பரின் வரலாற்றை முழுதும் படித்தேன். அவரும் வலைஞர், மறுக்கமாட்டேன் என்று உறுதிகூறி, ஓரிரவில் சேவல் கூவுமுன் மும்முறை தம் ஆண்டவரை மறுதலித்து, வெளியே சென்று மனங்கசந்து அழுதவர். பின்னர் ஓர் ஏரிக்கரையில், மீன் நிறைந்த வலையை இழுத்துவந்த விடியலில், தம்மிடத்து அன்புண்டோ என அவ்வாண்டவர் மும்முறை வினவுகின்றார். உன் பாவத்தை நீக்கினேன் என்ற சொல் அங்கில்லை. அன்பைக் கேட்டு, தொண்டைக் கொடுத்து, முதுமையில் பிறர் கட்டி இழுத்துச் செல்லும் இறப்பு வரும் என்பதையும் அப்போதே அறிவிக்கின்றார். மன்னிப்புப் பெற்றவர்க்கும் துன்பம் நீங்கவில்லை. நம்பினால் போதும், பிறகு எதுவும் செய்யலாம் என்பது கிறிஸ்தவர் கொள்கை என யான் மாணாக்கர்க்குச் சொல்லிவந்தது எத்துணைப் பிழை! நரகத்திற்கு அஞ்சி நோதல் கீழ்ப்பட்டது, ஆண்டவர்பால் வைத்த அன்பினால் நோதலே உத்தம மனஸ்தாபம் என்று அவர்தம் கத்தோலிக்க நூல்களும் பிரித்தோதுகின்றன. விசுவாசம் என்பதும் அவ்வாறே. நாகை நுளைப்பாடியில் அதிபத்தர், நாளெல்லாம் ஒரு மீனே அகப்பட்டு வயிறு காய்ந்தபோதும் அதனை இறைவனுக்கென்றே கடலில் விட்டாரே, அதற்கு எப்பெயரிடினும் அஃது உடன்பாட்டு வாசகத்தில் கையெழுத்திடும் செயலன்று.

ஒப்புமை கண்டேம் என்பதால் வேற்றுமை இல்லை என்றல் கூடாது. பாவத்தை அவர் கீழ்ப்படியாமை என்பர். அதனால் அது கடனாகவும் குற்றமாகவும் நிற்கும். யாம் அதற்கும் முற்பட்டதாகிய ஆணவமென்னும் இருளைக் கூறுகின்றேம். அஃது ஒருவன் செய்து தேடிக்கொண்டதன்று. மூதாதை வழி வந்ததுமன்று. செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது. கடனைப் பிறன் தீர்த்தல் கூடும். குருடனுக்காகப் பிறன் காண்டல் கூடுமோ? மேலும், ஒரு பிறவியோடு வழக்கை முடித்துத் திருந்தாதவனை மீளா நரகில் இடுதல் என்பதற்கு எம் மனம் இசையவில்லை. திருத்துதற்கன்றி வேறெதற்கும் தண்டியாதவன் எம்மிறைவன் என்றால், திருந்த முடியாத இடத்தில் ஓருயிரை அவன் வைத்தல் எங்ஙனம்? இவ்விடத்தில் யான் அவருக்கு ஒருசிறிதும் விட்டுக்கொடேன்.

ஆயினும் அவர் வினைக்கொள்கையின்மேற் சாட்டும் ஒரு குறை எம்மைச் சுடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. சின்னாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சைவ அன்பர் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் முன்வினை என்றேன், மேற்கோளும் காட்டினேன். அப்போது படியில் மீன்கூடையை இறக்கி எங்கள் பேச்சு முடியக் காத்திருந்தாள் குப்பத்துப் பெண்ணொருத்தி. அவள் யாரை இழந்தாள் என்பதை யான் கேட்டிலேன். அவள் ஒன்றும் பேசாது கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அதன்பின் எங்கள் தெருவுக்கு அவள் வந்ததில்லை.

வினையென்பது தன்னை நோக்கிச் சொல்லத்தக்க சொல். தன் துன்பத்தில் அதனைச் சொல்லிக்கொள்வான் அமைதி பெறுவான். பிறன் துன்பத்தில் அதனைச் சொல்வான் புதுவினை ஈட்டுவான். நாவரசர் சூலையால் துடித்துத் திருவதிகை வந்தபோது, இது நீ சமணம் புக்க வினை என்று திலகவதியார் கணக்கு ஓதவில்லை. திருநீறு தந்து திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். இக்கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் யான்.

சென்ற ஆண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். உபதேசியார் மறைந்து நாளாயிற்று. என்னிடம் பயின்ற அப்பேரன் இன்று நரைத்த மீசையோடு கரையில் நின்றிருந்தார். அவர் பாட்டனாருக்குக் கூறவேண்டிய விடையை அவரிடம் கூறினேன்: "தம்பி, பங்கைப் பிறன் கொடுக்கலாம், உண்பவன் அவனே ஆகவேண்டும். அருள் வெளியிலிருந்து வருகின்றது என்று உன் தாத்தா சொன்னது மெய். ஏற்கும் பக்குவம் உயிருக்கு வேண்டும் என்பதே யான் சொல்லியிருக்க வேண்டியது. அன்று அவரை நகைக்கவைத்தது தவறு."

அவர் சற்று நேரம் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "ஐயா, தாத்தா இருந்தால், காய்ச்சலில் வாய் திறக்கமாட்டாமல் கிடப்பவனுக்கு என்ன வழி என்று கேட்பார்" என்றார்.

தனுவும் கரணமும் தந்து, உண்ணும் வாயையும் உயிருக்குக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது நம் சித்தாந்தம். ஆதலின் அதற்கும் விடை உண்டு. அதனை யான் தொடங்குமுன் அவருடைய முறை வந்துவிட்டதென்று ஆட்கள் அழைத்தனர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கிப் படகை நோக்கி நடந்தார்.