மரம் கொடுத்தவர்

கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கோழிக்கோடு குற்றிச்சிற குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இக்கா, பள்ளிக்குத் தீ வைத்தது யாரு?" என்று கேட்டேன். எதிரே மிஷ்கால் பள்ளிவாசலைப் பார்த்தபடி, "சாமூத்திரி மரம் கொடுத்தார்" என்றார். கேள்வி விளங்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "மரமும் கொடுத்தார், கல்லும் கொடுத்தார்."

நாகுதா மிஷ்கால் என்ற கப்பல் வணிகர் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளி அது. குவிமாடம் கிடையாது, மினாரா கிடையாது. ஓட்டுக் கூரைகள் அடுக்கடுக்காக ஏறும். 1510 ஜனவரியில், கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரி ஊரில் இல்லாத நேரம், கொட்டின்யோ, அல்புகெர்க் என்ற தளபதிகள் நடத்திவந்த போர்த்துகீசியப் படை அதைக் கொளுத்தியது. மேல்மாடி மரங்களில் தீப்பட்ட தழும்பு இன்றும் உண்டு. 1571இல் சாமூத்திரியின் படை போர்த்துகீசியரின் சாலியம் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. அங்கிருந்து வந்த மரமும் கல்லும் பள்ளியைச் செப்பனிட உதவின என்பது ஊர்வழக்கு. பெரியவர் சொன்ன மரம் இதுதான். அப்படியானால் தீ வைத்தவர்களும் அவர் பதிலுக்குள் இருந்திருக்கிறார்கள், பெயரில்லாமல்.

என் அப்பா நேரெதிர். பெரியப்பா வரப்பை வெட்டி எங்கள் நிலத்தில் ஒரு முழத்தைச் சேர்த்துக்கொண்ட கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்த வரப்பு வந்துவிடும். எனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அதே பெரியப்பா என்பதை, அப்பா போன பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பா சொன்னதில் பொய் இல்லை. வரப்பு வெட்டப்பட்டது உண்மை.

செய்னுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலின் மொழிபெயர்ப்பை எப்போதோ படித்தது, பாதி மறந்துவிட்டது. பள்ளி எரிந்ததை அதில் எழுதியிருக்கிறார். சாமூத்திரியின் நல்லுறவையும் எழுதியிருக்கிறார். ஆனால் அது மக்களைப் போருக்கு எழுப்பிய நூல். அந்த வேளையில் எரித்தவன் யாரென்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும். எரித்தவனைச் சொல்லாமல் விடுவது அநியாயத்தைப் பூசி மெழுகுவதாகாதா என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. குற்றிச்சிறயில் அந்த வேலையைக் கருகிய மரமே செய்கிறது. பெரியவரின் வாய்க்கு அதனால் சுமை குறைந்திருக்கலாம். எங்கள் வரப்புக்கு அப்படி ஒரு தழும்பு இல்லை. அப்பாவின் வாய் மட்டுமே சாட்சி. அதற்காகவே ஓயாமல் சொன்னாரோ?

பெரியப்பாவின் பேரனுக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது. "இவங்க நமக்கு என்ன வேணும்ப்பா? நாம ஏன் அங்க போறதே இல்ல?" என்று மகள் கேட்டாள். உறவுமுறையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். வரப்பைச் சொன்னால் பகையைக் கைமாற்றிவிட்டவனாவேன். டைபாய்டை மட்டும் சொன்னால், அப்பா வாழ்நாளெல்லாம் காத்துவந்த வழக்கை நானே தள்ளுபடி செய்தவனாவேன். இரண்டையும் சொல்லலாம்தான். எதை முதலில் சொல்வது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.