குளிக்கத் தடை

கார்த்திகை மாதத்தில் குற்றாலத்தில் 'குளிக்கத் தடை' என்பது பெரிய செய்தி இல்லை. நாளிதழில் நாலு வரி வரும். தண்ணீர் வடிந்ததும் தடை நீங்கியதாக இன்னும் நாலு வரி. ஆனால் சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டிப் பக்கத்திலிருந்து படிக்கும்போது அந்த இரண்டு சொற்கள் உறுத்துகின்றன. தீபாவளி முடிந்த பிறகுதான் பயர் ஆபீஸ்கள் எனப்படும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும்; வேன் பிடித்து, ராஜபாளையம், தென்காசி வழியாகக் குடும்பத்தோடு கிளம்பத் தோதான நாட்கள் அவைதான். வடகிழக்குப் பருவமழை பெய்து அருவியில் வெள்ளம் பாய்வதும் அதே நாட்களில். குற்றாலத்துக்குப் பேர் வாங்கித்தந்த சாரலோ ஆனி, ஆடியில் விழுகிறது. அப்போது இங்கே தீபாவளிச் சரக்குக்கான அவசரம். தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து குற்றாலத்தை நனைக்கிறது. சிவகாசிப் பக்கத்துக்கு மலையே மறைப்பு. அந்த மறைவில் கிடைக்கும் வெயிலில்தான் திரியும் வெடியும் காய்கின்றன. அங்கே சாரலும் இங்கே காய்ச்சலும் ஒரே மலை செய்யும் வேலை. உடம்பெல்லாம் அலுமினியத் தூள் படிய வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய மாதங்களில் ஓய்வு இல்லை. ஓய்வு வரும்போது அருவிக்கு முன்னால் தடை நிற்கிறது.

தடை போடுவது உயிரைக் காக்கத்தானே என்று கேட்டால் மறுக்க முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. ஆகவே என் குறை தடைமேல் இல்லை, நாள்காட்டிமேல். கார்த்திகையிலும் தண்ணீர் விழத்தானே செய்கிறது, தடையில்லாத நாளில் குளித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. போதும்தான். ஆனால் எப்போது தடை வரும் என்று போலீஸ்காரர் முகத்தைப் பார்த்தபடி குளிப்பதும், நேரம் மறந்து தலையைக் கொடுத்து நிற்பதும் ஒன்றாகுமா? ஓய்வு என்பது வேலை இல்லாத நாள் மட்டும்தானா, அதற்கென்று ஒரு பருவமும் உண்டா என்பதே என்னை அலைக்கழிக்கும் கேள்வி.

அருவி இல்லையென்றால் வேன் திருச்செந்தூருக்குத் திரும்பும். கடலில் குளிக்கத் தடை அருவியளவுக்கு அடிக்கடி வருவதில்லை. அங்கிருந்து தூத்துக்குடி வழியாக வீடு திரும்பும் சாலையில், முக்காணி தாண்டி, ஜன்னலோரம் பழையகாயல் வந்து போகும். உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளத் தள்ள, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு இடம் மாறியதைக் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் விளக்கியிருக்கிறார்; மார்க்கோ போலோ சொன்ன காயல் இந்தப் பழையகாயல்தான் என்பதும் அவர் கணிப்பு. வண்டல் கொண்டுவந்த ஆறு தாமிரபரணி. குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் அந்தத் தாமிரபரணியோடுதான் சேர்கிறது. ஆக, குளிக்க விடாத வெள்ளத்தின் பாதையிலேயே வேனும் கடலுக்கு வந்திருக்கிறது. வேனில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பதில் ஊரின் சரித்திரம் எங்கே தெரியும் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் உடம்புக்கு அந்த ஜன்னலோரத் தூக்கம், கொற்கையைத் தெரிந்துகொள்வதைவிடச் சிறிய காரியம் இல்லை.

அப்படியானால் ஆனியிலோ ஆடியிலோ கூலியோடு ஒரு வாரம் விடுப்பு கொடுத்துவிடலாமே என்று தோன்றுகிறது. ஆனால் ஆர்டர் குவியும் மாதம் அது. வருசத்துக்கான காசு சேர்வதும் அப்போதுதான். ஒருவேளை அவர்களே வேண்டாம் என்பார்கள். தடைப் பலகையைப் பார்த்துவிட்டு வேன் திரும்பும்போது அவர்கள் எதை இழந்தார்கள் என்பதை அவர்களுக்காக நான் சொல்லிவிடலாமா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.