ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

தம்பி, உன் வலது பாதம் தொங்குகிறது. தூக்கு என்று மூளை கத்துகிறது, பாதம் கேட்க மறுக்கிறது. நடந்தால் கட்டைவிரல் தரையில் இடிக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தாய். எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் வரவில்லை. "இனி அவ்வளவுதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் காலுக்குத் தீர்ப்பெழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். அப்புறம் சொல், அவ்வளவுதானா என்று.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நீ பிழைத்திருக்கிறாய். இனிப் பேச்செல்லாம் வாழ்வதைப் பற்றித்தான்.

இடுப்பிலிருந்து புட்டத்தின் வழியாக இறங்கும் நரம்புதான் உடம்பிலேயே தடித்தது. முழங்காலுக்கு மேலே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்காலுக்குப் போய்ப் பாதத்தைக் கீழே அழுத்துகிறது. மற்றது வெளிப்பக்கம் திரும்பி முன்காலில் இறங்கிப் பாதத்தை மேலே தூக்குகிறது. முட்டிக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே தடவிப் பார். உருண்டையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றித்தான் நரம்பு ஓடுகிறது. அந்த இடத்தில் தோலை விட்டால் அதற்குப் பெரிய காவல் கிடையாது. அடி விழுந்தது அங்கேதான்.

நரம்புக் காயம் எல்லாம் ஒன்றல்ல. நசுங்கிச் செய்தி மட்டும் நின்றுபோன நரம்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே விழித்துக்கொள்ளும். உறை பிழைத்து, உள்ளே இழை அறுந்த நரம்பு மீண்டும் வளரும். முழுதாக அறுந்ததற்கு அறுவை சிகிச்சை வேண்டும். உன்னுடையது எந்த வகை என்று நரம்புச் சோதனை செய்து மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம், நீயும் ஊகிக்க வேண்டாம்.

இழை அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள பகுதி அழிந்துபோகும் என்பதை 1850-இலேயே உடலியல் ஆய்வாளர் அகஸ்டஸ் வாலர் கண்டு எழுதினார். இழை அழிந்தாலும் அது ஓடிய குழாய் அங்கேயே காத்திருக்கும். மேலிருந்து புது இழை முளைத்து, அந்தக் குழாய்க்குள் இறங்கும். எவ்வளவு வேகத்தில்? ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். முட்டியிலிருந்து பாதத்து விரல் வரை நாற்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். நானூறு நாள்! மூன்றாம் மாதமே மனம் உடைந்து பிசியோதெரபியை நிறுத்துகிறாயே, அன்றைக்கு உன் நரம்பு பாதி வழிகூட வந்திருக்காது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நீதான் முதலில் கைவிடுகிறாய்.

நரம்பு வருகிறதா என்பதற்குச் சாட்சியும் உண்டு. 1915-இல் ழூல் தினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த சோதனை அது. நரம்பு ஓடும் பாதையில் விரலால் மெல்லத் தட்டினால், புது இழையின் நுனி இருக்கும் இடத்தில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது போலக் கூசும். மாதத்துக்கு மாதம் அந்த இடம் கீழே இறங்க வேண்டும். உன் மருத்துவரிடம் கேள், தட்டிப் பார்க்கச் சொல், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பார். எரிகிறது, குத்துகிறது என்று அழுகிறாயே, அந்தக் கூச்சத்தில் சில சமயம் நல்ல செய்தி இருக்கிறது.

நரம்பு வளர்கிற வேகம் உன் கையில் இல்லை. அது வந்து சேரும் நாளில் கால் எப்படி இருக்கும் என்பது பெருமளவு உன் கையில். பாதம் தொங்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் குதிகாலின் தசைநார் சுருங்கி இறுகிவிடும். அப்புறம் நரம்பு வந்து என்ன பயன்? தொலைதூரத்திலிருந்து விருந்தாளி நடந்தே வருகிறார், நீ கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாமா? தினமும் பாதத்தை மேலே இழுத்து நீட்டு. ஸ்பிளின்ட் கொடுத்திருந்தால் போடு, அழகாக இல்லை என்று கட்டிலுக்கடியில் தள்ளாதே. மருத்துவர் அனுமதித்தால் தொடைத்தசையை இறுக்கு, விடு, மறுபடி இறுக்கு. படுத்தே கிடக்கும் காலில் தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். சோம்பல் உனக்கு ஒரு நாள், உன் தசைக்கு அது இழப்பு.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடிபட்டு வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவி விடுகிறவரிடம் கொண்டு போகாதீர்கள். முழங்காலுக்குக் கீழுள்ள தசைகள் நான்கு அறைகளுக்குள் இறுகக் கட்டப்பட்டவை. உள்ளே இரத்தமும் வீக்கமும் ஏறினால் அழுத்தம் தசையையும் நரம்பையும் மூச்சுத்திணற வைக்கும். அடிக்கு மீறிய வலி, விரலை அசைத்தாலே உயிர் போகும் வலி, மரமரப்பு: இவை தெரிந்தால் உடனே அவசரப் பிரிவு. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அந்த அறைகளைத் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் தசை செத்துப்போகும். செத்த தசையை எந்தத் தன்னம்பிக்கையும் எழுப்பாது. மாவுக்கட்டு இறுக்கினாலும் இதே ஆபத்துதான். "பொறுத்துக்கொள்" என்று யார் சொன்னாலும் பொறுக்காதே!

கால் நரம்பை மெல்லக் கொல்லும் இன்னொன்று நம் வீடுகளில் இருக்கிறது: இனிப்பு நீர் (நீரிழிவு). 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி இங்கே வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது, கொதிக்கும் ஒத்தடம் சுட்டாலும் தெரியாது. வலி இல்லாமை எவ்வளவு பெரிய கேடு என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பவுல் பிராண்டு. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது வலியுணர்வு போய்க் காயம் மேல் காயம் படுவதால் என்று காட்டினார். அந்த நோயாளிகளை உலகம் ஒதுக்கி வைத்த காலம் அது. இங்கே பெட்டாலிங் ஜெயாவுக்கு வடக்கே, சுங்கை பூலோவில் 1930-இல் அவர்களுக்கென்றே தனிக் குடியிருப்பு திறந்திருந்தார்கள்.

உன் காலில் அடிபட்ட அதே நரம்பைத் தொழுநோயும் தாக்கும். வேலூரில் பிராண்டும் உடனிருந்தவர்களும், செயலிழந்த கைகளுக்கு வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை எழுப்பினார்கள். தொங்கும் பாதத்துக்கும் அதே வழி உண்டு. காலின் பின்புறத் தசைநார் ஒன்றை முன்னே கொண்டுவந்து பொருத்துவார்கள். பிறந்ததிலிருந்து ஒரு வேலை மட்டுமே செய்த தசை, பயிற்சி கொடுத்தால் பாதத்தைத் தூக்கக் கற்றுக்கொள்கிறது. உன் தசையே புது வேலை கற்கும்போது, உனக்கு என்ன தயக்கம்?

எல்லா நரம்பும் திரும்பி வருவதில்லை. அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால் ஐந்து வயதில் பேருந்தில் நசுங்கியது, பழைய கால் அவருக்குத் திரும்பவில்லை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அதே ரியோவில்தான் பெர்லிஸ் மாநிலத்து முகமட் ரிட்சுவான் புசி, மூளை வாதத்தோடு பிறந்தவர், 100 மீட்டர் ஓடி மலேசியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். இருவரும் இருந்த காலைக் கொண்டு தொடங்கினார்கள்.

பணத்தைக் காரணம் காட்டி ஒதுங்காதே. வேலைக்குப் போகும் வழியில் விழுந்திருந்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பம் செய். உணவு கொண்டுபோகும் வேலையென்றால், 2017-இன் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிந்திருக்கிறாயா என்று பார். மறுவாழ்வுச் சிகிச்சை சலுகை அல்ல, நீ சந்தா கட்டிய உரிமை.

நாளைக் காலை யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியிலோ, உன் அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலோ, பிசியோதெரபிக்கு நேரம் வாங்கு. அம்மா கூட வரட்டும், வெட்கப்படாதே. போகும்போது ஸ்பிளின்டைப் போட்டுக்கொண்டு போ.