சாட்டையை நிறுத்திய கேள்வி



அர்ச். சின்னப்பர் ஜெருசலேமில் பிடிபட்ட வரலாற்றை அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் வாசிக்கிறோம். தேவாலயத்தருகே கலகம் மூண்டது. கூச்சலில் காரணம் விளங்காத உரோமைப் படைத்தலைவன், அவரைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சாட்டையால் அடித்து விசாரிக்கச் சொன்னான். வாரினால் கட்டும்போது சின்னப்பர் அலறவில்லை, சபிக்கவுமில்லை. தீர்ப்பில்லாமல் ஓர் உரோமைக் குடிமகனை அடிக்க உங்களுக்குச் சட்டமுண்டா என்று கேட்டார். அந்த ஒரே கேள்வியில் சாட்டை நின்றது. கட்டச் சொன்ன படைத்தலைவனே பயந்துபோனான்.

நமது மெய்யான தேசம் மோட்சமே என்று எழுதினவர் அவர். ஆயினும் பூலோகத்துக் குடியுரிமையை அற்பமென்று தள்ளவில்லை.

“பூசை காணவும் செபமாலை சொல்லவும் தெரிந்தால் போதாதா சுவாமி, அரசாங்க விஷயம் நமக்கெதற்கு?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். செசாருக்குரியதைச் செசாருக்குச் செலுத்தும்படி கற்பித்தவர் நமது ஆண்டவரல்லவா? அப்படியானால் நம் நாட்டில் செசார் யார்? மந்திரியா? கலெக்டரா? இல்லை. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி முதல் இந்நாட்டின் தலையாய அதிகாரம் அரசியல் சட்டமே. மந்திரியும் அதற்குக் கீழ்ப்பட்டவர்தான். ஆகையால்தான் அவர் பதவியேற்கும்போது, அதற்கு விசுவாசமாயிருப்பதாகவும், அச்சமும் பட்சபாதமுமின்றி எல்லாருக்கும் நீதி செய்வதாகவும், கடவுள் பேரால் ஆணையிட்டோ உளமார உறுதி கூறியோ பிரமாணம் செய்கிறார். தேவ நாமத்தால் ஆணையிட்டு அதை மீறுகிறவன் இரண்டாங் கற்பனைக்கு விரோதமாய்ப் பாவம் கட்டிக்கொள்கிறான்.

அந்தச் சட்டத்தை வகுத்த சபையில் சேசு சபைக் குருவாகிய ஜெரோம் டிசூசா சுவாமியும் அங்கம் வகித்தார். அதன் 25-ம் ஷரத்து மனச்சாட்சியின் சுதந்தரத்தையும், வேதத்தை அநுசரித்துப் பரப்பும் உரிமையையும் எல்லாருக்கும் அளிக்கிறது. 22-ம் ஷரத்தோ, கைதானவனுக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும் என்றும், வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும் என்றும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்றும் விதிக்கிறது. தடுப்புக் காவல் போன்ற விலக்குகள் சில உண்டு. ஆனாலும் சின்னப்பர் கேட்ட அதே நியாயம் இங்கே சட்டமாய் நிற்கிறது.

அதற்கு நாம் விசுவாசமாயிருக்கிறோமா? நம் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துப்போனால், சட்டம் எங்கே என்று ஓடுகிறோம். வேறு சாதிக்காரனோ வேறு கட்சிக்காரனோ அடிபட்டால், “அவனுக்கு வேண்டியதுதான்” என்கிறோம். அடுத்தவன் முதுகில் சாட்டை விழும்போது வாய் மூடியிருக்கிறவன், தன் முறை வரும்போது எந்த வாயால் கேட்பான்?

இன்னொன்றும் கவனியுங்கள். பெலிக்ஸ் என்னும் தேசாதிபதி, சின்னப்பர் தனக்குப் பணம் தருவார் என்று எதிர்பார்த்து அடிக்கடி அழைத்துப் பேசினான். பணம் வரவில்லை. அவனுடைய உத்தியோகம் முடியும்வரை, இரண்டு வருஷம், அவர் காவலிலேயே கிடந்தார். அவர் நியாயத்தைக் கேட்டாரேயன்றி விலைக்கு வாங்கவில்லை.

நாமோ தேர்தல் வந்தால் ஓட்டையே விற்கிறோம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். “எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு என் மனம்போலப் போடுகிறேன்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது லஞ்சத்தோடு பொய்யையும் சேர்ப்பதாகும். பணம் வாங்கின கையை நீட்டி, பாதை எங்கே, தண்ணீர் எங்கே என்று கேட்க முடியுமா? ஓட்டோடு கேட்கும் வாயையும் அல்லவா விற்றுவிடுகிறோம்!

சட்டமே பாவத்தைக் கட்டளையிட்டால், மனிதரைவிடச் சர்வேசுரனுக்கே கீழ்ப்படியவேண்டும் என்று அர்ச். இராயப்பர் காட்டினார். அது மெய். ஆனால் நம்மில் அநேகர் சட்டத்தை மீறுவது மனச்சாட்சிக்காக அல்ல, சொந்த லாபத்துக்காகவே.

ஆகவே, பிரியமானவர்களே, இன்றிரவு குடும்ப செபத்துக்குப்பின் ஆத்துமசோதனை செய்யும்போது இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை விற்றேனா? உத்தியோகத்திலிருந்து கொண்டு நியாயத்தை விற்றேனா? அயலானுக்கு அநியாயம் நடந்தபோது மௌனமாயிருந்தேனா? பாவமிருந்தால் சங்கீர்த்தனம் செய்யுங்கள். நம்மை ஆளுகிறவர்கள் தங்கள் பிரமாணத்துக்குத் தவறாதிருக்கவும் மன்றாடுங்கள். அர்ச். சின்னப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.