புவனமுங் கரணமும்

சைவாசிரியர்காள்! மூதூரைத் தழுவிய கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கொன்று ஆழ்கடல் நோக்கிச் செல்கின்றது. அப்பாலுள்ள கடலிற் பல்லும் பெருந்தலையுமுடைய திமிங்கிலங்கள் உலாவுகின்றன. அவை 1000 மீற்றருக்குங் கீழே, ஞாயிற்றொளி புகாவிடத்துக் கணவாயை இரையாகத் தேடும். ஆண்டுக் கண் போதாது. தாம் எழுப்பிய ஒலி இரையிற் பட்டு மீளக் கேட்டே அஃதுள்ள இடத்தை அறியும்.

புவனத்துக்கேற்ற கரணத்தைத் தனுவோடு கூட்டியருளிய சிவபெருமானது கருணையை என்னென்போம்! அங்ஙனமாக, எழுத்தைக் கண்டறிய மாட்டாத பிள்ளையை மந்தனென்று இகழ்ந்து பிரம்பெடுத்தல் அக்கருணையை மறத்தலேயாம். அப்பிள்ளை கேட்டறிவானோ, தொட்டறிவானோ என நாம் ஆராய்தல் வேண்டும். ஆணவ விருளிற் கிடக்கும் நமக்கு அவரவர் பக்குவத்துக்கேற்ப உணர்த்துபவன் இறைவன். அவனடியார்க்கு ஆசிரியத் தொழிலும் அதுவே.

திருச்சிற்றம்பலம்.