மறுத்த கை யாருடையது? வீட்டில் மயிர் வெட்டுதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அளவையியல் பயில்வோர் பெர்ட்ரன்ட் ரசலின் பெயரோடு வழங்கும் நாவிதர் புதிரை அறிவர். ஓர் ஊரில் தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளாத அனைவருக்கும், அவர்களுக்கு மட்டுமே, நாவிதர் ஒருவர் சவரம் செய்கிறார். அவ்வாறாயின் அந்த நாவிதருக்குச் சவரம் செய்பவர் யார்? எவ்விடை கூறினும் முரண்பாடே எஞ்சும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கிராமத்தில் இப்புதிர் எழ வழியில்லை. அங்கு மூன்றாவது வகையினர் இருந்தனர்: நாவிதர் தொடக்கூடாதவர் என விதிக்கப்பட்டோர். அவர்களின் தலைமயிரை அவர்களுள் ஒருவரே வீட்டு முற்றத்தில் வைத்து வெட்டினார். அளவையியலார் இதனைக் கேட்டு நிம்மதி அடையலாம். அறவியலார்க்கு அந்நிம்மதி இல்லை.

'வீட்டில் மயிர் வெட்டுதல்' என்னும் ஒரே தொடர் குடாநாட்டில் இருவேறு வாழ்க்கைகளைக் குறித்தது. முதலாவது, நிலமுடைய வேளாளர் வீட்டில் நிகழ்ந்தது. நாவிதர் குறித்த நாளில் வளவுக்குள் வருவார்; மரநிழலிலோ கொல்லைப்புறத்திலோ பலகையிட்டு வீட்டு ஆண்களை இருத்தி மயிர் வெட்டிச் சவரம் செய்வார். வீட்டுக்காரரை அவர் 'நயினார்' என விளிப்பார். அவ்வீட்டுச் சிறுவனோ அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பான். கூலி அன்றன்று கைக்கு வருவதன்று. அறுவடைக் காலத்து நெல்லாகவும் நன்மை தீமைகளில் கிடைக்கும் உரிமைகளாகவும் அது வந்தது. இதுவே குடிமை முறை. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை, கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரையே அடிமை வகுப்பினராகக் கொண்டது. நாவிதர் அவ்வரிசையில் இல்லை. அவர் அடிமையல்லர், ஆயினும் 'எனக்கு இவ்வீடு வேண்டாம்' என எளிதில் கூறிவிடக்கூடிய சுதந்திரரும் அல்லர்.

இம்முறையின் உள்ளே ஒரு விந்தை உண்டு. உடலுறுப்புகளுள் சிரசே பிரதானம் எனக் கருதிய சமூகம், அச்சிரசின் மேல் கத்தியுடன் கைவைக்கும் உரிமையைத் தன் வீட்டினுள் நுழையவிடாத ஒருவரிடம் கொடுத்திருந்தது. கழுத்தில் கத்தி ஊரும்போது வீட்டுக்காரர் கண்ணை மூடி அமர்ந்திருப்பார், அத்துணை நம்பிக்கை. வேலை முடிந்ததும் முழுகிவிட்டே வீட்டுக்குள் நுழைவார், அத்துணைத் தீட்டு. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் மகனுக்குச் சவரம் செய்து சுடலைவரை உடன் செல்பவரும் அந்நாவிதரே. ஆகவே தீட்டு என்பது தொடுகையில் இருந்ததன்று. யார் யாரை எங்கே, எந்த வேலைக்காகத் தொடலாம் என ஆணையிடும் அதிகாரத்திலேயே அது இருந்தது எனல் பொருந்தும்.

இரண்டாவது வாழ்க்கை, அவ்வாணையால் விலக்கப்பட்டோருடையது. பள்ளர், நளவர், பறையர் குடிகளுக்கு ஊர் நாவிதர் செல்வதில்லை. அண்ணன் தம்பிக்கும் அயலவன் அயலவனுக்கும் கத்தரி பிடித்தனர். இங்கு வெட்டுபவனும் வெட்டப்படுபவனும் சமமானவர்; நயினாரும் இல்லை, ஒருமை விளியும் இல்லை. செயலை மட்டும் நோக்கின், வேளாளர் வளவில் நிகழ்ந்ததை விட இதுவே அறத்துக்கு இசைந்தது. எனினும் அச்சமத்துவம் அவர்கள் தேர்ந்ததன்று. மறுக்கப்பட்டதனால் வந்து வாய்த்தது.

மறுத்த குற்றம் யாருடையது? காந்தியடிகளின் சுயசரிதையில் இவ்வினாவோடு நேரே தொடர்புடைய நிகழ்ச்சியொன்று உண்டு. தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆங்கிலேய நாவிதர் ஒருவர் அவருக்கு மயிர் வெட்ட இகழ்ச்சியுடன் மறுத்தார். காந்தி உடனே கத்தரிக் கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடி முன்நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் பாழாயிற்று, நீதிமன்ற நண்பர்கள் நகைத்தனர். ஆனால் அவர் அந்நாவிதரைக் குறை கூறவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் அம்மனிதர் தம் வாடிக்கையாளரை இழந்திருப்பார். இந்தியாவில் தீண்டாதாருக்கு வெட்ட நாவிதரை விடாதவர்கள் தாமே அன்றோ என எண்ணினார். அதே காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது, மறுக்கப்பட்டோர் மறுக்கப்பட்டோராகவே இருந்தனர்.

காந்தியின் தீர்ப்பு பெருந்தன்மையானது. தம்மை இழிவுபடுத்தியவரிடம் சினம் கொள்ளாது, சினத்தைத் தம் இனத்தின் பாவத்தின் மேல் திருப்பிய நேர்மை எளிதன்று. யாழ்ப்பாண நாவிதருக்கும் அது பெருமளவு பொருந்தும். ஒரு நளவர் வீட்டுக்குப் போய்வந்தார் எனத் தெரிந்தால் அவருக்கு மறுநாள் எந்த வளவும் திறவாது. அவ்வாண்டு நெல்லும் இல்லை. எனினும் இத்தீர்ப்பை முழுமையாக ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாவிதரிடம் குற்றமே இல்லை என்பது, அவரிடம் சித்தமே இல்லை என்பதற்கு மிக அண்மையில் வந்துவிடுகிறது. கத்தரியைக் குற்றஞ்சாட்டுவார் இல்லை; அது பிறர் கையிலுள்ள கருவி. நாவிதரையும் அவ்வாறே மன்னித்தல், வேளாளர் அவரை எவ்வாறு கண்டனரோ அவ்வாறே காண்பதாகும்.

நாவிதர் கருவியல்லர் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. சலூனில் தொழில் செய்துகொண்டே சிறுகதை எழுதி, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அம்மரபில் வந்தவர். தம் தொழிலை மறைக்காதவர். சாதி இழிவை எழுத்தில் எதிர்த்தவர்.

சலூனின் வருகை பொறுப்பின் அளவையும் மாற்றியது. பட்டினத்துக் கடையில் நாவிதரே உரிமையாளர், நெற்பங்கு இல்லை, காசு கொடுப்பவர் அவரைத் தேடி வந்து நாற்காலியில் அமர்கிறார். இந்நிலையிலும் விலக்கப்பட்டோருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட கடைகள் இருந்தன. வளவில் மறுத்தவருக்கு உள்ள சமாதானம் இங்கு முழுதும் செல்லாது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டத்தின் கைக்கு எட்டுபவர் கடைக்காரர்; விலக்கப்பட்டவர் அமர்ந்ததும் எழுந்து வெளியேறும் வாடிக்கையாளர் அல்லர். மறுப்பின் உண்மையான ஆசிரியர் அவர்தாம். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் நிகழ்ந்த போராட்டங்களும், மறுப்பவருக்கும் மறுப்புக்கு விலையுண்டு என உணர்த்தின. அதுவரை ஏற்பவரே விலை கொடுத்தார். கடைக்காரரின் மனச்சாட்சிக்குச் சிறிது இடம் கிடைத்தது அதன் பின்னரே எனலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு விதிக்கப்பட்டுச் சலூன்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, எல்லாச் சாதி வீடுகளிலும் மனைவியும் மகனும் தமையனும் கத்தரி எடுத்தனர். பின்புறம் பாழாயிற்று, எல்லாரும் சிரித்தனர். ஒரு காலத்தில் இழிவின் அடையாளமாயிருந்த அச்செயல் பொழுதுபோக்காயிற்று. ஏனெனில் அவ்வீடுகளில் எவரும் மறுக்கப்பட்டிருக்கவில்லை. கடை மட்டுமே பூட்டியிருந்தது.

மரணவீட்டுக்கு நாவிதரை அழைக்கும் வழக்கமோ இன்னும் அற்றுப்போகவில்லை. அப்பணிக்கு இனி வரமாட்டோம் எனக் கூறும் இளைஞர் அச்சமூகத்தில் தோன்றினால், 'குடிமகன் மறுக்கலாமா?' எனச் சிலர் முணுமுணுப்பர். முன்னர் நளவர் முற்றத்துக்குச் செல்லாத நாவிதரை அவர்கள் இவ்வாறு கேட்டதில்லை. அம்மறுப்பு அவர்களுடையது, இது நாவிதருடையது.